மனிடூலின், நாஸ் பள்ளத்தாக்கு, யூக்கான்: வடக்கே பூர்வகுடி மண்ணுக்குக் காரில் போக எந்தப் பாதை?

கனடாவில் கோடை விடுமுறைக்கு வடக்கே காரில் போகலாம், வழியில் பூர்வகுடி மக்களின் பண்பாட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று யோசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் மூன்று இடங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்கின்றன. முதலாவது, டொராண்டோவிலிருந்து ஒரே நாளில் எட்டிவிடும் மனிடூலின் தீவு. இரண்டாவது, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கில் 16ஆம் நெடுஞ்சாலையும் நாஸ் பள்ளத்தாக்கும். மூன்றாவது, யூக்கான். இணையத்தில் படங்களை வைத்துப் பார்த்தால் யூக்கான்தான் ஜெயிக்கும். மலையையும் ஏரியையும் மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த முடிவு சரி. மனிதர்களைச் சந்திக்கப் போகிறோம் என்றால் கணக்கு வேறு. அந்த மக்களே நடத்தும் இடம் எது, அதன் கதவு எந்த மாதத்தில் திறந்திருக்கும், நம்மிடம் எத்தனை நாள் இருக்கிறது என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் வரைபடத்தைத் திறக்கவேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நடத்துவது யார்? பூர்வகுடி பற்றிய அருங்காட்சியகம் வேறு, பூர்வகுடியினரே நடத்தும் மையம் வேறு. இரண்டாவதில் வழிகாட்டி தன் சொந்தப் பாட்டியின் மீன்பிடி முகாமைப் பற்றிப் பேசுவார், நாம் கொடுக்கும் நுழைவுக் கட்டணமும் அந்தச் சமூகத்துக்கே போகும். கீழே சொல்லியிருக்கும் நிறுத்தங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

காலம். வடக்கில் பல மையங்கள் மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் முழுமையாக இயங்குகின்றன. செப்டம்பர் கடைசியில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போனால் பூட்டிய கதவுகளைத்தான் பார்க்க நேரும்.

சாலையும் வண்டியும். சொந்தக் கார் போதுமா, வாடகைக்கு எடுக்கவேண்டுமா, சரளைக்கல் சாலை வருமா?

கண்ணில் படாத செலவு. விமானக் கட்டணத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். கிலோமீட்டர் வரம்பையும் கண்ணாடிக் காப்பீட்டையும் ஒருவழி வாடகையையும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

யாரோடு போகிறோம்? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா, சைவச் சாப்பாடு, ஒற்றை நாட்டு விசா இவை மூன்றுமே பாதையை மாற்றக்கூடியவை.

## மனிடூலின்: பவ்வவ் நாளை வைத்துத் திட்டமிடுங்கள்

பவ்வவ் என்பது பூர்வகுடி மக்கள் மேளம் கொட்டிக் கூடி ஆடும் விழா. ஹ்யூரான் ஏரியில் இருக்கும் மனிடூலின், உலகிலேயே நன்னீர் ஏரிக்குள் அமைந்த தீவுகளில் மிகப் பெரியது. ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி ஆகிய அனிஷினாபே மக்களின் மண். கிழக்குக் கரையில் இருக்கும் விக்வெம்கூங், தீவின் நிலத்தை அரசிடம் ஒப்படைத்த 1862 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. எழுதிக் கொடுக்காத நிலம் என்பதை ஊர்ப் பெயரோடு சேர்த்தே இன்றும் சொல்கிறார்கள். ஓவியர் டாஃப்னி ஓட்ஜிக் பிறந்த ஊரும் இதுதான்.

டொராண்டோவிலிருந்து இரண்டு வழிகள். 400, 69 நெடுஞ்சாலைகளில் சட்பரி போய், எஸ்பனோலாவில் தெற்கே திரும்பினால் லிட்டில் கரன்ட் வரை சுமார் 500 கி.மீ., ஓய்வோடு ஆறு மணி நேரம். மற்றது, டோபர்மோரி வரை சுமார் 300 கி.மீ. ஓட்டி, அங்கிருந்து சீ-சீமான் படகில் காரோடு இரண்டு மணி நேரத்துக்குள் சவுத் பேமவுத்தில் இறங்குவது. படகு மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் ஓடும், கோடை வாரயிறுதியில் முன்பதிவு இல்லாமல் வண்டிக்கு இடம் கிடைப்பது கடினம். போகும்போது ஒரு வழி, திரும்பும்போது மற்றது என்று வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

சாலை வழியில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. லிட்டில் கரன்ட் பாலம் ஒற்றை வழி, 1913இல் ரயிலுக்காகக் கட்டிய சுழல் பாலம். கோடைப் பகல்களில் ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் படகுகளுக்காகக் கால் மணி நேரம் திரும்பி நிற்கும். வழிகாட்டியுடன் நடைக்கு நேரம் குறித்திருந்தால் இந்தக் கால் மணியையும் வரிசையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தீவில் எதை விட்டாலும் எம்சிகீங் ஊரின் ஒஜிப்வே பண்பாட்டு அறக்கட்டளையை விடாதீர்கள். 1974இல் தொடங்கியது. அங்கே முள்ளம்பன்றி முள் வேலைப்பாட்டுப் பெட்டிகள் இருக்கும். பூர்ச்ச மரப்பட்டையில் ஊசியால் துளையிட்டு, நனைத்து இளக்கிய முள்ளை ஒவ்வொன்றாகச் செருகி, நுனியை உட்பக்கம் மடக்குகிறார்கள். முள் நுனி கையில் குத்தாதபடி உள்ளே இன்னொரு பட்டை. விளிம்பைச் சுற்றி இனிப்புப் புல்லைக் கட்டித் தைப்பதால், வருடங்கள் கழித்து மூடியைத் திறந்தாலும் மணக்கும். நல்ல பெட்டி நூற்றுக்கணக்கான டாலர் ஆகும், அதற்குப் பின்னால் வாரக்கணக்கில் கைவேலை இருக்கிறது. செய்தவர் பெயரையும் ஊரையும் கேளுங்கள், உண்மையான கடையில் உடனே சொல்வார்கள். சொல்லத் தயங்கும் கடையில் வாங்கவேண்டாம்.

பெரிய நிகழ்வு, ஆகஸ்ட் முதல் திங்கள்கிழமையை ஒட்டிய நீண்ட வாரயிறுதியில் நடக்கும் விக்வெம்கூங் பண்பாட்டு விழா. 1961 முதல் நடந்துவருகிறது. அந்த மூன்று நாட்களுக்குத் தீவில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காவிட்டால் எஸ்பனோலாவில் தங்கி வந்துபோகலாம். தீவின் மற்ற ஊர்களும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெவ்வேறு வாரயிறுதிகளில் தங்கள் பவ்வவ் நடத்துகின்றன. சிறு ஊரின் மரபுப் பவ்வவ்வுக்கும் பரிசுப் போட்டியாக நடக்கும் பெரிய பவ்வவ்வுக்கும் வேறுபாடு அதிகம். போட்டியில் ஆட்டத்தின் உச்சத்தைப் பார்க்கலாம். மரபுப் பவ்வவ்வில் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச்சு வளரும். முதல் தடவை போகிறவர்களுக்குச் சிறு ஊரையே சொல்வேன்.

கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் மேற்கே சூ செயின்ட் மேரி. பழைய ஷிங்வாக் உறைவிடப் பள்ளிக் கட்டடம் இன்று அல்கோமா பல்கலைக்கழகத்தின் பகுதி. பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த பிள்ளைகளின் வரலாறு, அந்தப் பள்ளியில் படித்து மீண்டவர்களின் பங்கேற்போடு அங்கேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் அகவா பாறை ஓவியங்கள், செங்காவியில் வரைந்தவை. அவற்றைப் பார்க்க ஏரிக்குள் சரியும் பாறை விளிம்பில் நிற்கவேண்டும். சுப்பீரியர் ஏரி அமைதியாக இல்லாத நாளில் அலை ஆளையே இழுத்துவிடும். காற்று அடித்தால் திரும்பிவிடுங்கள், பிள்ளைகளோடு துணியவே வேண்டாம்.

ஒளிந்திருக்கும் செலவு: மிகக் குறைவு. போய்வர, தீவுக்குள் சுற்ற மொத்தம் 1,200 கி.மீ. என்றால், 100 கி.மீ.க்கு 9 லிட்டர் குடிக்கும் காருக்கு 110 லிட்டர் பெட்ரோல். வெள்ளி மாலை 400இல் கிளம்பினால் நெரிசலில் இரண்டு மணி நேரம் போய்விடும், வியாழன் இரவோ சனி அதிகாலையோ கிளம்புங்கள். சட்பரிப் பக்கம் அந்தி நேரத்தில் மூஸ் என்னும் பெரிய மான் சாலைக்கு வரும். ஜூனில் கருப்பு ஈக்கள் கடிக்கும்.

## நாஸ் பள்ளத்தாக்கும் 16ஆம் நெடுஞ்சாலையும்: உரிமை வரலாறு பேசும் பாதை

செதுக்கிய டோட்டம் கம்பங்களையும் மரவீடுகளையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டுமல்ல, நிலம் யாருடையது என்ற கேள்வி மனதில் இருப்பவர்களுக்கும் மூன்று பாதைகளில் இதுதான் ஆழமானது என்பது என் கருத்து. ஈழத்தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கின் கதை நெஞ்சுக்கு மிக நெருக்கமாகவே இருக்கும்.

நிஸ்கா மக்கள் தங்கள் நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடி, கனடாவோடும் மாகாணத்தோடும் முடித்த உடன்படிக்கை 2000 மே 11இல் நடைமுறைக்கு வந்தது. அவர்களின் தலைவர்கள் நீதி கேட்டு விக்டோரியாவுக்குப் போனது 1887இல். நடுவில் கழிந்த 113 ஆண்டுகளின் நினைவாகத்தான் பள்ளத்தாக்குக்குள் போகும் சாலைக்கு 113 என்று எண். பக்கத்துக் கிட்க்சான், வெட்சுவெட்டென் மக்கள் தொடுத்த டெல்கமூக் வழக்கில் 1997இல் கனடா உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றையும் சாட்சியமாக ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்த இரண்டையும் பயணத்துக்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பிறகு கம்பத்தைப் பார்க்கும்போது, அது ஒரு குடும்பத்தின் பெயரும் நில உரிமையும் பொறித்த ஆவணம் என்று அவர்களுக்கே புரியும்.

தங்குமிடமாக டெரஸ் நகரை வையுங்கள். டொராண்டோவிலிருந்து வான்கூவர் வழியாக ஒரு மாற்றத்தில் விமானம். பிரின்ஸ் ரூபர்ட் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு, அது ஒரு தீவில் இருக்கிறது, பேருந்தும் படகும் ஏறித்தான் நகருக்குள் வரவேண்டும். டெரஸில் வண்டி எடுத்து, அதே இடத்தில் திருப்பிக் கொடுத்தால் ஒருவழி வாடகைக் கூடுதல் கட்டணமும் இல்லை. நாள்வாரியாகப் பார்த்தால்:

- நாஸ், ஒரு முழு நாள். எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி வழியாகச் சாலை போகிறது. 18ஆம் நூற்றாண்டு வெடிப்பில் இரண்டாயிரம் பேர் மாண்டதாக நிஸ்கா வாய்மொழி வரலாறு சொல்கிறது. அது கல்லறை நிலம், பாறையைப் பெயர்க்காதீர்கள், பாதையை விட்டுப் பாசியை மிதிக்காதீர்கள். டெரஸிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் லக்ஸ்கால்ட்ஸாப் ஊரின் நிஸ்கா அருங்காட்சியகம். 1929இல் ஸ்காட்லாந்துக்குப் போன நீயிஸ்ஜூல் நினைவுக் கம்பம் 2023இல் எடின்பரோவிலிருந்து இங்கே திரும்பியது. 11 மீட்டர் உயரம். அருங்காட்சியகம் கோடையில்தான் திறக்கும், நாளையும் நேரத்தையும் முதலில் போனில் உறுதிசெய்யுங்கள்.
- ஹேசல்டன், இரண்டு நாள். டெரஸிலிருந்து 140 கி.மீ. கிட்க்சான் மக்களின் க்சான் கிராமம் 1970இல் திறந்தது. வழிகாட்டியோடு போனால்தான் மரவீடுகளுக்குள் விடுவார்கள், வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவது பாதிப் பயணம். போகும் வழியில் கிட்வாங்காக், 37ஆம் சாலையில் 20 கி.மீ. உள்ளே கிட்டன்யாவ். கம்பங்கள் நிற்பது ஆட்கள் குடியிருக்கும் ஊர்கள் என்பதால், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாதீர்கள், வைத்திருக்கும் பலகையைப் படியுங்கள்.
- விட்செட், அரை நாள். ஜூலை முதல் செப்டம்பர் வரை சால்மன் ஏறும்போது, வெட்சுவெட்டென் ஆண்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்குப் பாறை விளிம்பில் நின்று நீண்ட கம்பு வலையால் மீன் பிடிக்கிறார்கள். அது அவர்களின் குளிர்கால உணவு. தள்ளி நின்று பாருங்கள்.

ஒளிந்திருக்கும் செலவு: டெரஸை மையமாக வைத்து, பிரின்ஸ் ரூபர்ட் போய்வருவதையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 1,000 கி.மீ. வாடகை வண்டிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் ஜூலைக்கு மார்ச்சிலேயே பதிவு செய்யுங்கள். பனிமூட்டத்தால் டெரஸ் விமானம் ரத்தாவது நடக்கும், திரும்பும் நாளுக்கு அடுத்த நாளே வேலைக்கு வருவதாகச் சொல்லிவிடாதீர்கள். காட்டுத்தீ புகை இன்னொரு காரணம். 113இல் பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள்.

இந்த நெடுஞ்சாலைக்குக் கண்ணீர் நெடுஞ்சாலை என்றும் பெயர். பூர்வகுடிப் பெண்கள் பலர் பல பத்தாண்டுகளாக இதில் காணாமல் போயும் கொல்லப்பட்டும் இருக்கிறார்கள். சாலையோரத்தில் சிவப்பு உடை தொங்கினால் அது அவர்களின் நினைவு.

## யூக்கான்: பத்து நாள் உள்ளவர்களுக்கு

யூக்கானில் முதற்குடிகள் எனப்படும் பூர்வகுடிச் சமூகங்கள் 14, அவற்றில் 11 தன்னாட்சி பெற்றவை. இதற்கு அடிப்படையான, நில உரிமை பற்றிய குடை ஒப்பந்தம் 1993இல் கையெழுத்தானது. அதனால் பல ஊர்களில் அந்த மக்களே கட்டி நடத்தும் நல்ல மையங்கள் இருக்கின்றன. வைட்ஹார்ஸில் ஆற்றங்கரையோரம் குவான்லின் டுன் பண்பாட்டு மையம், 155 கி.மீ. மேற்கே ஹெய்ன்ஸ் ஜங்ஷனில் டா கூ மையம், 74 கி.மீ. தெற்கே கார்க்ராஸ், அலாஸ்கா நெடுஞ்சாலையில் 180 கி.மீ. தள்ளி டெஸ்லின் ட்லிங்கிட் மையம், 530 கி.மீ. வடக்கே டாசனில் டனோஜா ஜோ மையம்.

டாசனின் கதையைத் தங்க வேட்டைக் கதையாக மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். கூட்டம் வந்து குவிந்தபோது ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்களின் தலைவர் ஐசக், தங்கள் பாட்டுகள் அழிந்துவிடும் என்று அஞ்சி, அலாஸ்காவில் இருந்த உறவினரிடம் அவற்றை ஒப்படைத்து வைத்தார். பிற்காலத்தில் பேரப்பிள்ளைகள் போய்த் திரும்பக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலை கடைசியில், ஆற்றில் படகேறிப் போகும் மூஸ்ஹைட் கூடுகையில் அவற்றைக் கேட்கலாம், வெளியாரும் வரலாம், மதுவுக்கு இடமில்லை. 2023இல் டாசன் பகுதியின் ட்ரோண்டெக்-குளோண்டைக் உலக மரபுச் சின்னமானது. கூடுகை இல்லாத ஆண்டில், ஜூன் கடைசி முதல் ஜூலை முதல் வாரம் வரை வைட்ஹார்ஸில் நடக்கும் அடாக்கா விழாவுக்கு நாளை அமையுங்கள்.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: யூக்கான் ஆற்றில் ராஜ சால்மன் குறைந்துபோனதால், அதன் ஒரு முழு வாழ்க்கைச் சுழற்சிக்கு, அதாவது ஏழு ஆண்டுகளுக்கு, பிடிப்பதை நிறுத்துவதாகக் கனடாவும் அலாஸ்காவும் 2024இல் ஒப்புக்கொண்டன. மீன்பிடி முகாமையும் காயும் மீனையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அங்குள்ளவர்களுக்கு இது பெரிய இழப்பு, அதை உணர்ந்து பேசுங்கள்.

ஒளிந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். வைட்ஹார்ஸ்–டாசன் போய்வர 1,060, ஹெய்ன்ஸ் ஜங்ஷன் 310, கார்க்ராஸ் 150, ஆக 1,520 கி.மீ. எட்டு நாள் வாடகையில் நாளுக்கு 100 கி.மீ. வரம்பு இருந்தால் 720 கி.மீ. மிகை. கி.மீ.க்கு 40 சென்ட் என்றாலும் 288 டாலர் கையைவிட்டுப் போகும். வரம்பில்லா வாடகை சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள். சரளைக்கல் தெறித்து முன்கண்ணாடி விரிவது சாதாரணம், கண்ணாடிக்குத் தனியாகக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். டாசனிலிருந்து இனுவிக் போகும் டெம்ப்ஸ்டர் சாலையில் பல நிறுவனங்கள் வண்டியை அனுமதிப்பதில்லை. அதில் முதல் பெட்ரோல் நிலையமே 369 கி.மீ. தள்ளி ஈகிள் பிளெய்ன்ஸில்.

ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்காக்வே, ஹெய்ன்ஸ் (ஹெய்ன்ஸ் ஜங்ஷன் அல்ல), டாசனுக்கு மேற்கே உலக உச்சிச் சாலை மூன்றும் அமெரிக்க எல்லைக்குள் போகும். கையில் அமெரிக்க விசா இல்லையென்றால் அந்த அழகான வட்டச் சுற்றைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க

| | மனிடூலின் | நாஸ்–16ஆம் நெடுஞ்சாலை | யூக்கான் |
|---|---|---|---|
| குறைந்தபட்ச நாட்கள் (டொராண்டோவிலிருந்து) | 3–4 | 7 | 10 |
| விமானம் | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் |
| காரில் ஓடும் தூரம் | 1,200 கி.மீ. | 1,000 கி.மீ. | 1,500 கி.மீ. |
| நல்ல காலம் | ஜூன் – செப்டம்பர் தொடக்கம் | ஜூலை – ஆகஸ்ட் | ஜூன் கடைசி – ஆகஸ்ட் |
| வலு | பவ்வவ், முள் வேலைப்பாடு | கம்பங்கள், நில உரிமை வரலாறு | தன்னாட்சி ஊர்களின் மையங்கள் |
| பெரிய இடர் | அறை கிடைக்காமை | விமான ரத்து, புகை | வாடகைச் செலவு, தூரம் |

சிறு பிள்ளைகளும் முதியவர்களும் சேர்ந்து போவதானால் மனிடூலின், யோசிக்கவே தேவையில்லை. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு வாரம் கிடைத்தால் நாஸ். யூக்கானுக்கு ஏழு நாள்தான் இருக்கிறது என்றால் டாசனை விட்டுவிட்டு வைட்ஹார்ஸ், கார்க்ராஸ், ஹெய்ன்ஸ் ஜங்ஷன் மூன்றில் நில்லுங்கள். இல்லையென்றால் விடுமுறை முழுவதும் ஸ்டீயரிங்கைத்தான் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

## எந்தப் பாதையானாலும்

பவ்வவ்வில் தொடக்க ஊர்வலத்தின்போது எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றுங்கள். படம் எடுக்கலாமா என்பதை அறிவிப்பாளர் சொல்வார், சொல்லும்வரை போனை வெளியே எடுக்காதீர்கள். ஆடுகிறவர் அணிந்திருப்பது அவர் குடும்பம் தைத்துத் தந்த மரபுடை, அதைத் தொடுவதும் வேஷம் என்று சொல்வதும் மனம் நோகச்செய்யும். கழுகு இறகு கீழே விழுந்தால் எடுக்காமல் அருகில் நின்று ஒழுங்காளரைக் கூப்பிடுங்கள். எல்லோரும் வாருங்கள் என்று அழைக்கும் ஆட்டத்தில் தாராளமாக இறங்குங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். நாற்காலியை வீட்டிலிருந்தே கொண்டுபோகவேண்டும்.

அனிஷினாபே மூத்தவரிடம் ஒரு கதையோ போதனையோ கேட்பதானால், சிறு துணியில் முடிந்த புகையிலையை நீட்டிவிட்டுக் கேட்பது முறை. அவர் வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று பொருள். மேற்குக் கரையில் இந்த வழக்கத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள், அங்கே மையத்தில் கேட்டு நடந்துகொள்ளுங்கள். உறைவிடப் பள்ளியில் படித்தீர்களா என்று யாரிடமும் நாமாகக் கேட்கக்கூடாது. அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

சைவர்கள் கவனிக்க: பவ்வவ் கடைகளில் சோளச் சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். பொரித்த ரொட்டி எண்ணெயிலா பன்றிக் கொழுப்பிலா என்று கேட்டு வாங்குங்கள். டெரஸிலும் வைட்ஹார்ஸிலும் பெரிய மளிகைக் கடைகள் உண்டு, அங்கிருந்து கிளம்பும் முன்பே அரிசி, பருப்பு, தயிர் வாங்கிவிடுங்கள். சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுத்தால் பாதிக் கவலை தீரும்.

பதிவு செய்யும் வரிசையிலும் கவனம் வேண்டும். முதலில் விழா அல்லது அருங்காட்சியகத்தின் நாளை உறுதிசெய்யுங்கள், பிறகு அறை, பிறகு வண்டி, கடைசியில் விமானம். பலர் மலிவாகக் கிடைத்ததென்று விமானத்தை முதலில் வாங்கிவிட்டு, மையம் மூடியிருக்கும் திங்கள்கிழமையில் போய் இறங்குகிறார்கள்.